திரை வந்துவிட்டது... வாத்தியார் தயாரா?

2020 அக்டோபர் 12. பழுது நீக்கிய தேஜஸ் போர் விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க மேலே கொண்டுபோயிருக்கிறார் விங் கமாண்டர் வருண் சிங். நல்ல உயரத்தில் இருக்கும்போது காக்பிட்டின் காற்றழுத்தம் போய்விடுகிறது. என்ன கோளாறு என்று பிடித்துக்கொண்டு கீழே இறக்கத் தொடங்குகிறார். இறங்கும் வழியில் அதைவிடப் பெரிய அடி. விமானத்தை நிலையாக வைத்திருக்கும் கட்டுப்பாட்டு அமைப்பே கைவிடுகிறது. மூக்கு மேலே எகிறுகிறது, கீழே குத்துகிறது, உயரம் மளமளவென்று கரைகிறது. ஒருவழியாக அடக்கி மீட்கிறார். பத்தாயிரம் அடி வாக்கில் மறுபடியும் அதே ஆட்டம். விமானத்தை விட்டுக் குதித்துவிட அவருக்கு முழு உரிமை இருந்தது. குதிக்கவில்லை. பத்திரமாகத் தரையிறக்கினார். மறு ஆண்டு சுதந்திர தினத்தில் அவருக்கு சௌரிய சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

அப்போது விமானப்படையிடம் இருந்த தேஜஸ் ஸ்குவாட்ரன்கள் இரண்டுக்கும் வீடு கோவைக்குப் பக்கத்துச் சூலூர்தான். 45-ம் எண் ‘ஃப்ளையிங் டேகர்ஸ்’ 2018-ல் பெங்களூரிலிருந்து இங்கே வந்தது. 18-ம் எண் ‘ஃப்ளையிங் புல்லட்ஸ்’ 2020 மே 27 அன்று இங்கேயே செயல்பாட்டுக்கு வந்தது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருச்சி ரோட்டில் ஒண்டிப்புதூரைத் தாண்டிப் போனால் சூலூர். வடக்கே காமராஜர் ரோட்டில் ஹோப் காலேஜ் போய் அவிநாசி ரோட்டில் திரும்பினால் கோவை விமான நிலையம். போர் விமானத்தின் இரைச்சலும் பயணிகள் விமானத்தின் இரைச்சலும் மாறி மாறிக் கேட்கும் ஊர் இது. “பையன் பைலட்டுக்குப் படிக்கிறானுங்க” என்று சொல்லும் பெற்றோரை இப்போது இந்தப் பக்கம் எளிதாகப் பார்க்க முடிகிறது.

அந்தப் பையன் உட்காரப்போகும் காக்பிட்டில் முள் ஆடும் வட்டக் கருவிகள் வரிசையாக இருக்காது. இரண்டு பெரிய திரைகள் இருக்கும். இதைத்தான் விமானிகள் ‘கிளாஸ் காக்பிட்’ என்கிறார்கள். திரை வந்தால் ஓட்டுவது எளிது, பாதுகாப்பும் கூடும் என்றுதான் நமக்குத் தோன்றும். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு மனித உயிர்களில் விலை கொடுத்திருக்கிறோம். அதில் பெரிய விலை ஒன்று கொடுக்கப்பட்ட இடம் நம் பக்கத்து ஊர் பெங்களூர்.

ஒன்று அணைந்தது, இன்னொன்று அணையவில்லை

1990 பிப்ரவரி 14, பகல் ஒரு மணி, தெளிந்த வானம். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 605, பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்தை நெருங்குகிறது. ஏர்பஸ் ஏ-320, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புத்தம் புதிய விமானம். உள்ளே 146 பேர். இடப்பக்க இருக்கையில் கேப்டன் பொறுப்புக்குத் தேர்வு பெறும் விமானி. வலப்பக்கத்தில் அவரைச் சோதிக்க அமர்ந்த மூத்த விமானி. அதாவது, வாத்தியார்.

தரையிறங்க வேகம் 132 நாட் இருக்க வேண்டும். விமானமோ ‘ஐடில் ஓப்பன் டிசென்ட்’ என்ற முறையில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த முறையில் இன்ஜின்கள் சும்மா சுழலும். வேகத்தைக் காப்பாற்றும் வேலை இன்ஜினிடம் இல்லை, விமானத்தின் மூக்குக் கோணத்திடம் இருக்கிறது. உயரத்தைக் குறைக்க இது நல்ல முறை. ஓடுபாதைக்கு அருகில் இது கொல்லும் முறை. தானியங்கி உந்துவிசை வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் இரு விமானிகளின் ‘ஃப்ளைட் டைரக்டர்’ கருவிகளும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று அணைந்தது. மற்றது அணையவில்லை. வேகம் 106 நாட் வரை விழுந்தது. விசையைக் கூட்டியபோது நேரம் கடந்திருந்தது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் இறங்கி, கரையில் மோதி எரிந்தது விமானம். 92 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க இந்த ரக விமானங்களைத் தரையில் நிறுத்தியது அரசு.

விசாரணை ஆணையம் விமானிகளின் கவனக்குறைவைத்தான் காரணமாகச் சொன்னது. இயந்திரக் குரல் 400, 300, 200 அடி என்று அறிவித்த பிறகும் த்ராட்டிலைத் தள்ளவில்லை என்றது. சரிதான். ஆனால் இந்த விபத்தில் என்னை உறுத்துவது வேறு. விமானம் எந்த முறையில் இறங்குகிறது என்பதைத் திரை சொல்லிக்கொண்டேதான் இருந்தது. மேல்வரியில் எழுத்துக்களாக, இரண்டு பேர் கண்ணெதிரிலும். பழைய விமானங்களில் தானியங்கி விசையைக் குறைத்தால் த்ராட்டில் கம்பி பின்னால் நகரும், கை அதை உணரும். ஏ-320-இல் கம்பி அசையாது. கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த செய்தி கண்ணுக்கு மாற்றப்பட்டது. அந்தக் கண்ணைப் பழக்கும் அனுபவம் மாணவருக்கும் போதவில்லை, சோதிப்பவருக்கும் போதவில்லை. நாட்டுக்கே அந்த விமானம் புதிது.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 23 ஆண்டு கழித்து, 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 விமானம் விழுந்தது. அங்கேயும் வெயில், தெளிந்த வானம். அங்கேயும் புது விமானத்துக்கு மாறிக்கொண்டிருந்த ஒருவர் ஓட்டினார், போயிங் 777-இல் அவருக்கு 43 மணி நேரம்தான் அனுபவம். அங்கேயும் வலப்பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். பயிற்சியாளராக அவருக்கு அதுதான் முதல் பயணம். தானியங்கி விசை ‘ஹோல்ட்’ நிலைக்குப் போய் உறங்கிவிட்டது, அது விழித்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 ஆனது. கடலோரச் சுவரில் வால் அடித்தது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். மீதிப் பேர் பிழைத்தது பெரும் பேறு.

இரண்டு விபத்திலும் திரை பொய் சொல்லவில்லை. இரண்டிலும் வாத்தியார் பக்கத்திலேயே இருந்தார். ஏசியானா ஓட்டியவரோ வேறு விமானங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர். ஆகவே, ‘இளைஞர்கள் திரையை நம்பிக் கெட்டுப்போகிறார்கள்’ என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி தருபவருக்குப் பயிற்சி எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

— — — — —
பெட்டிச் செய்தி: ஆறு வட்டங்கள், இரண்டு திரைகள்

பழைய பயிற்சி விமானத்தில் ஆறு வட்டக் கருவிகள்: வேகம், விமானத்தின் சாய்வு, உயரம், திருப்பம், திசை, ஏறி இறங்கும் வீதம். இவற்றில் மூன்று காற்றழுத்தத்தால் இயங்குபவை, மூன்று சுழலிகளால் இயங்குபவை. ஒன்று கெட்டாலும் மற்றவை பெரும்பாலும் இயங்கும்.

செஸ்னா 172, டயமண்ட் டி.ஏ. 40 போன்ற பயிற்சி விமானங்களில் வரும் கார்மின் ஜி-1000 அமைப்பில் ஆறும் ஒரே திரையில். பக்கத்துத் திரையில் வரைபடம், இன்ஜின் விவரம். சாய்வையும் திசையையும் ஒரே உணரிப் பெட்டி தருகிறது. வேகம், உயரம், ஏறி இறங்கும் வீதம் மூன்றையும் இன்னொரு கணினி தருகிறது. ஒரு பெட்டி கெட்டால் அது தரும் தகவல் அத்தனையும் ஒரே நொடியில் போய், அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். திரையே அணைந்தால் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் மற்றத் திரைக்கு எல்லாம் மாறிவரும்.
— — — — —

கணக்கு சொன்ன கசப்பு

சிறு விமானங்களில் திரை வந்த பிறகு என்ன ஆனது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. 2002 முதல் 2006 வரை தயாரான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒற்றை இன்ஜின் விமானங்கள். ஒரே ரகம்தான். சிலவற்றில் வட்டக் கருவி, சிலவற்றில் திரை. 2010 மார்ச்சில் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. திரை இருந்ததால் மொத்தப் பாதுகாப்பு கூடிவிடவில்லை. உயிர்ப்பலி விபத்தோ திரை விமானங்களில்தான் அதிகம். 2006, 2007 ஆண்டுகளில் ஒரு லட்சம் பறப்பு மணிக்கு வட்டக் கருவி விமானங்களில் 0.43, திரை விமானங்களில் 1.03.

திரை விமானங்கள் நெடுந்தூரம் போகப் பயன்பட்டதும், மோசமான வானிலையில் பறந்ததும் இதில் பங்கு வகித்தன. அதனால் திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு திரை அமைப்பும் வெவ்வேறு விதம், ஆகவே குறிப்பிட்ட கருவிக்கான பயிற்சியும் சிமுலேட்டரும் தேர்வும் வேண்டும் என்றுதான் வாரியமும் பரிந்துரைத்தது.

அதைச் செய்தால் பலன் உண்டா? உண்டு. சிர்ரஸ் நிறுவனத்தின் விமானங்கள் பெரிய திரையோடும், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டோடும் வந்தவை. ஆரம்ப ஆண்டுகளில் அவற்றின் உயிர்ப்பலிக் கணக்கு மோசமாக இருந்தது. நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் பயிற்சியைத் திருத்தி எழுதின. அந்த விமானத்தைச் சொல்லித்தரத் தனியாகப் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கிய பயிற்சியாளர்களை உருவாக்கின. பாராசூட்டை எப்போது இழுப்பது என்பதைக் கைக்கும் மனசுக்கும் பழக்கின. 2014 வாக்கில் அதே விமானத்தின் உயிர்ப்பலி வீதம் மற்றச் சிறு விமானங்களின் சராசரியைவிடக் கீழே வந்தது. வாத்தியாரைத் திருத்திய பிறகு மாணவர் பிழைத்தார்.

மேகத்துக்குள் ஒரு நொடி

2021 டிசம்பர் 8-ஐ இந்தப் பகுதி மறக்காது. சூலூரில் காலை 11.48-க்கு எழும்பிய எம்.ஐ.-17 வி-5 ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர்க் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட உள்ளே இருந்த 14 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கடைசிவரை போராடியவர், ஆரம்பத்தில் பார்த்தோமே, அதே வருண் சிங். அன்று அவர் ஓட்டவில்லை. ராவத்தை அழைத்துப்போக சூலூர் வந்தவர், பயணியாக இருந்தார். டிசம்பர் 15 அன்று பெங்களூரில் உயிர் பிரிந்தது. வெலிங்டனிலிருந்து சூலூருக்கு மற்றவர்களின் உடல்கள் வந்த வழியெல்லாம் மக்கள் நின்று ஆம்புலன்ஸ்கள் மீது பூத் தூவினார்கள்.

முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் வந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியம் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே மலையில் மோதியது என்பது முடிவு. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை ‘மனிதப் பிழை’ என்ற தலைப்பில் இதைப் பட்டியலிட்டது.

இந்த விபத்துக்குத் திரைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எம்.ஐ.-17 வி-5-இல் இருப்பது நான்கு திரைகள் கொண்ட நவீன காக்பிட். அதனால்தான் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. மேகத்துக்குள் போனதும் அடிவானம் மறைகிறது. உள்காதில் இருக்கும் திரவம், உடம்பு சாயாதபோதும் சாய்வதாகச் சொல்லும், சாயும்போது நேராக இருப்பதாகச் சொல்லும். உடம்பு சொல்வதை நம்பாமல் கருவி சொல்வதை நம்ப வேண்டும். அது அறிவால் வருவதில்லை, பழக்கத்தால் வருவது. மலையையும் மரத்தையும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர் சில நொடிகளில் பார்வையை உள்ளே திருப்பி முழுக்கக் கருவிகளை வைத்து ஓட்டத் தொடங்க வேண்டும். எவ்வளவு நல்ல திரையும் இந்த மாற்றத்தை விமானிக்குப் பதிலாகச் செய்து தராது. மேட்டுப்பாளையம் தாண்டினால் நீலகிரி, மேற்கே பாலக்காட்டுக் கணவாய், ஆடிக் காற்று. நம் வானத்தில் பறப்பவர்களுக்கு இது பாடப்புத்தகத்து ஆபத்து அல்ல.

வகுப்பறையில் என்ன மாற வேண்டும்

பழைய பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கும்போது வாத்தியார் ஒரு கருவியை ரப்பர் மூடியால் மறைப்பார். மீதிக் கருவிகளை வைத்து மாணவர் சமாளிக்க வேண்டும். திரையில் இதை எப்படிச் செய்வது? சர்க்யூட் பிரேக்கரைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டலாம். உண்மையான கோளாறின் கோலங்களைத் தரையிலேயே சிமுலேட்டரில்தான் ஆற அமரக் காட்ட முடியும். இந்த ஒரு சின்ன விஷயத்திலேயே வாத்தியாருக்குப் புதுப்பாடம் இருக்கிறது.

முள் நிற்கும் கோணத்தை வைத்தே ஓரக்கண்ணால் வேகத்தை அறிந்த தலைமுறை, திரையில் ஓடும் எண்பட்டையைப் படிக்க வேண்டும். பட்டையின் ஓரத்தில் ஒரு கோடு நீளும். இன்னும் ஆறு நொடியில் வேகம் எங்கே இருக்கும் என்று ஜி-1000 முன்கூட்டிச் சொல்லும் கோடு அது. அதைப் பார்க்கப் பழகியவருக்கு பெங்களூரில் நடந்தது போல வேகம் கரைவது முன்பே தெரியும். பழகாதவருக்கு அது வெறும் அலங்காரம். அதேபோலத் தானியங்கியின் முறை மாறும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வது. இன்று விமான நிறுவனங்களில் இது விதி. பயிற்சிப் பள்ளியின் முதல் மாதத்திலேயே இது நாக்கில் ஏற வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பொத்தான் எங்கே என்று மாணவர் தேடுவார், காட்டித்தர வாத்தியாரும் குனிவார். இரண்டு தலையும் உள்ளே. வெளியே யார் பார்ப்பது? பயிற்சி விமானங்கள் சுற்றிச் சுற்றி வரும் சர்க்யூட்டில் இது எத்தனை ஆபத்து என்று சொல்லவே வேண்டியதில்லை. திரையின் பொத்தான் பாடத்தைத் தரையிலேயே முடித்துவிட்டு மேலே போவதே ஒழுங்கு. மணிக்கு இவ்வளவு என்று பறப்புக்குப் பணம் வாங்கும் பள்ளிகளுக்கு இது கசக்கும்.

பீளமேட்டு ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இது புரியும். கை லேத்தில் கடைந்து பழகியவர் சி.என்.சி. முன் நின்றால், டூல் கத்தும் சத்தத்திலேயே புரோகிராமில் எங்கே தப்பு என்று சொல்லிவிடுவார். திரையில் மட்டும் பழகியவர் பொருள் கெட்ட பிறகு பார்ப்பார். ஆனால் கை லேத் மட்டும் தெரிந்தவரை சி.என்.சி. சொல்லித்தர வைத்தாலும் வேலை ஓடாது. இரண்டும் தெரிந்தவர்தான் வாத்தியார்.

1997-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயிற்சியாளர் கேப்டன் வாரன் வாண்டர்பர்க் ஆற்றிய உரை ஒன்று விமானிகள் உலகில் இன்றும் பேசப்படுகிறது. திரையில் வழிகாட்டும் மெஜந்தா நிறக் கோட்டின் பின்னாலேயே போகும் பிள்ளைகளாக விமானிகள் ஆகிவிட்டார்கள் என்றார். நிலைமை குழம்பும்போது பொத்தான்களை இன்னும் வேகமாக அழுத்தாதே, ஒரு படி கீழே இறங்கு, தேவைப்பட்டால் கையில் எடுத்து ஓட்டு என்பது அவர் சொல்லித்தந்தது. இப்போது அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. ஜி.பி.எஸ். சமிக்ஞையைப் போலியாக அனுப்பி விமானத்தை ஏமாற்றும் வேலை பெருகியிருக்கிறது. 2023 நவம்பரில் விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பான டி.ஜி.சி.ஏ. இதுபற்றி எச்சரித்தது. 2025 நவம்பரில் டெல்லியிலேயே நடந்தது. அப்போது அழகான வரைபடத்தில் தப்பான இடத்தைத் திரை காட்டும். வேறு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் அதை நம்பிவிடுவார்.

தாம்பரத்தில் இருப்பது, மற்ற இடங்களில் இல்லாதது

வாத்தியாரை உருவாக்குவது ஒரு தனிப் படிப்பு என்பதை விமானப்படை எப்போதோ புரிந்துகொண்டது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கிய ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களை வரவழைத்து, சொல்லித்தரக் கற்றுக்கொடுக்கிறார்கள். சூலூரின் தேஜஸ் கதையோ இன்னும் கடினம். ஸ்குவாட்ரனில் இருந்தவை ஒற்றை இருக்கை விமானங்கள். விமானப்படைக்கு முதல் இரட்டை இருக்கைத் தேஜஸ் கிடைத்ததே 2023 அக்டோபர் 4-ல்தான். அதுவரை பக்கத்தில் வாத்தியார் உட்கார இடமே இல்லை. சிமுலேட்டரில் பழகி, பிறகு தனியாக ஏற வேண்டும். அந்தச் சூழலிலிருந்து வந்தவர்தான் வருண் சிங். கட்டுப்பாட்டு அமைப்பு கைவிட்டபோதும் விமானம் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு பதில் சொன்ன அந்த அறிவு, தைரியத்தால் மட்டும் வந்ததல்ல.

தனியார் பயிற்சிப் பள்ளிகளில் நிலைமை வேறு. 2023-ல் டி.ஜி.சி.ஏ. வழங்கிய வணிக விமானி உரிமங்கள் 1,622. அதற்கு முந்தைய ஆண்டு 1,165. இவ்வளவு வேகமாகக் கூடும் கூட்டத்துக்கு அதே வேகத்தில் பயிற்சியாளர் வருவதில்லை. உரிமம் வாங்கி, ஏர்லைன்ஸ் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞரே உதவிப் பயிற்சியாளராகி மணிக்கணக்கு சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. வேலை கிடைத்ததும் போய்விடுவார். அவர் சேர்த்த அனுபவமும் கூடவே போய்விடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளர் வேலையைப் படிக்கட்டாகவே வைத்திருக்கும் அமைப்பைத்தான் கேட்க வேண்டும். 2025-ல் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. நாட்டில் ஒரு பள்ளிகூட முதல் இரண்டு நிலைகளில் இடம்பெறவில்லை.

கொங்கு மண்டலத்துக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. 2022-ல் பயிற்சிப் பள்ளி தொடங்க விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய ஐந்து விமான நிலையங்களில் சேலமும் ஒன்று. புதிதாக வரும் பள்ளி பழைய பள்ளியின் பழக்கங்களைச் சுமக்க வேண்டியதில்லை. நிரந்தரப் பயிற்சியாளர்களுக்கு ஏர்லைன்ஸுக்கு ஓடத் தோன்றாத சம்பளம், ஆண்டுக்கொரு முறை திரை அமைப்பில் அவர்களுக்கே மறுபயிற்சி, அதே திரை பொருத்திய தரைச் சிமுலேட்டர் என்று தொடங்கலாம். பணம் ஆகும். ஆகட்டும். விமானம் வாங்கக் கோடி கோடியாகச் செலவிடுபவர்கள் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

— — — — —
பெட்டிச் செய்தி: பணம் கட்டும் முன்

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடும். தோட்டத்தை அடமானம் வைத்துக் கட்டும் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலோர் எத்தனை விமானம் இருக்கிறது, எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். என் பிள்ளைக்குச் சொல்லித்தரப்போகிறவர் இந்தத் திரை உள்ள விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார், அதைச் சொல்லித்தர எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். பாதியில் அவர் போய்விட்டால் யார் வருவார் என்றும் கேளுங்கள். விமானத்தில் இருக்கும் அதே திரைதானா சிமுலேட்டரிலும் இருக்கிறது, திரை அணைந்துபோன நிலையில் ஓட்டும் பாடம் எத்தனை முறை என்பதைப் பாடத்திட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.